அடுத்த பருவத்தில் யார் ஆடுவார்?



நம் தோட்டங்களில் பந்து என்றால் கால்பந்துதான். பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் வலைப்பந்து உண்டு. கூடைப்பந்து என்று யாராவது பேச்சை எடுத்தால், "அது சீனவங்க ஆட்டமாச்சே!" என்று சொல்லிவிட்டு நம் வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். பினாங்குத் தீவிலும் சரி, இந்தப் பக்கம் செபராங் பிறையிலும் சரி, சீனப்பள்ளியின் வேலியோரம் நடக்கும்போது சிமெண்டுத் தரையில் பந்து தட்டும் ஓசை கேட்கும். நாம் நின்று பார்ப்பதில்லை. இம்முறை உங்களை அந்த வேலியோரம் சற்று நிறுத்திவைக்கப் போகிறேன். ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் ஒரு தாளில் 12 பெயர்களை எழுதுகிறார்களே, அந்தத் தாளைத்தான் காட்டப் போகிறேன்.

அந்தத் தாள் எங்கள் தோட்டத்தில் ஒரு குடும்பத்துக்குள் மூன்று மாதமாகப் புகைச்சலை உண்டாக்கியிருக்கிறது. அந்த வீட்டுப் பெண் என்னிடம் ஆறு ஆண்டுகள் தமிழ்ப்பள்ளியில் படித்தவள். லயத்தில் எல்லாரும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் இங்கே அப்படியே சொல்லிவிடுகிறேன். இப்போது ஜார்ஜ் டவுனில் ஒரு கல்லூரியில் டிப்ளோமா முதலாண்டு படிக்கிறாள். கல்லூரியின் பெயர் நமக்கு வேண்டாம். அங்கே பெண்கள் கூடைப்பந்துக் குழுவில் இடம் கிடைத்திருக்கிறது. பட்டியலில் 12ஆவது பெயர் அவளுடையது.

அவள் அப்பா செம்பனைக் குலை வெட்டுகிறார். அம்மா உதிரிப் பழம் பொறுக்குகிறார். அம்மாதான் ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார்.

"எட்டு ஆட்டம் நடந்திருக்கு டீச்சர். எட்டுலயும் சேத்து பத்து நிமிசம்கூட உள்ள போகலயாம். ஓரமா உக்காந்திருக்கத்தான் போறா. அதுக்கு எதுக்கு டீச்சர் சப்பாத்து? எதுக்கு பஸ் காசு? நீங்க சொன்னா கேப்பா. விட்டுட்டுப் படிக்கச் சொல்லுங்க."

இதைக் கேட்டுச் சிரித்துவிடாதீர்கள். நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியில்தான் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்தது. அந்தச் சப்பாத்தின் விலை 160 ரிங்கிட். ஏறக்குறைய இரண்டரை நாள் வெயிலும் மழையும் முதுகு வலியும் அதில் இருக்கின்றன. அந்த வீட்டில் பாப்பாவுக்குக் கீழே இன்னும் இரண்டு பிள்ளைகள். அந்தத் தாய் கேட்டது கணக்கறிந்து கேட்ட கேள்வி. ஆகவே கணக்கறிந்தே பதில் சொல்ல வேண்டும் என்று, ஒரு சனிக்கிழமை ஃபெரி ஏறித் தீவுக்குப் போனேன். பயிற்சி முடியும்வரை உட்கார்ந்து பார்த்தேன். பயிற்றுநர் அம்மையாரிடம் கேட்டு அந்த 12 பெயரையும், ஒவ்வொருவரும் எந்த ஆண்டு படிக்கிறார்கள் என்பதையும் ஒரு பயிற்சிப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன்.

ஆட்டம் தெரியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. களத்தில் ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர். பத்துப் பத்து நிமிடமாக நான்கு பகுதி, ஆக 40 நிமிடம். பந்து வெளியே போனாலும் நடுவர் ஊதினாலும் கடிகாரம் நிற்கும். அதனால் ஓர் ஆட்டம் முடிய ஒன்றரை மணி நேரம் ஆகிவிடும். கால்பந்தில் வெளியே வந்தவர் மறுபடி உள்ளே போக முடியாது. இங்கே அப்படியில்லை. எத்தனை முறை வேண்டுமானாலும் ஆள் மாற்றலாம். ஒருவர் ஐந்து தவறு செய்துவிட்டால் அவருக்கு அன்றைய ஆட்டம் முடிந்தது. ஓரத்தில் இருப்பவர்களில் ஒருவர் எழுந்தாக வேண்டும். பந்து கைக்கு வந்தால் 24 விநாடிக்குள் எறிந்தாக வேண்டும் என்பதால் ஐந்து பேரும் ஓடிக்கொண்டே இருக்கிறார்கள். 40 நிமிடமும் ஒரே ஐவர் ஓடுவது நடக்கிற காரியமில்லை.

இனி என் பயிற்சிப் புத்தகத்துக்கு வருவோம். 12 பேரில் ஐவர் இறுதியாண்டு. ஆண்டு முடிவில் அவர்கள் போய்விடுவார்கள். அந்த ஐவரில் மூவர் முதலில் களமிறங்குகிறவர்கள்: பந்தைத் தட்டி முன்னே கொண்டுபோகும் குள்ளமான பெண் ஒருத்தி, தூரத்திலிருந்து எறிகிறவள் ஒருத்தி, கூடைக்கு அடியில் நிற்கும் உயரமானவள் ஒருத்தி. மீதி ஏழு பேர். அவர்களில் நான்கு பேர் இரண்டாம் ஆண்டு. அந்த நால்வரில் இருவர் இப்போதே முதல் ஐவரில் ஆடுகிறார்கள். மூவர் முதலாண்டு, பாப்பா உட்பட. அதாவது அடுத்த பருவம் தொடங்கும்போது முதல் ஐவரில் மூன்று இடம் காலி. அவற்றுள் ஒன்று உயரமானவளின் இடம்.

பாப்பாவின் உயரம் 171 சென்டிமீட்டர். போகிறவளை விட்டால் குழுவில் அவள்தான் உயரம். அதே இடத்துக்கு இரண்டாம் ஆண்டில் இன்னொரு பெண்ணும் இருக்கிறாள், நல்ல ஆட்டக்காரி. ஆனால் முழங்கால் வலியால் பாதிப் பயிற்சியில் உட்கார்ந்துவிடுகிறாள். இந்தக் கணக்கைத் தோட்டத்துக்குத் திரும்பி வந்து அம்மாவிடம் காட்டினேன். அவர் விரலை வைத்துப் பெயர் பெயராக எண்ணினார். "அப்ப அடுத்த வருசம் இவ பேரு மேல வரும்ங்கிறீங்களா?" என்றார். வரும் என்று நான் சொல்லவில்லை. இடம் காலியாகும், அவ்வளவுதான் சொன்னேன். காலியான இடத்தில் உட்காரத் தகுதி வேண்டுமே.

அந்தத் தகுதியைப் பற்றிப் பேசினால் வலைப்பந்தைப் பற்றிப் பேச வேண்டும். நம் தமிழ்ப்பள்ளிகளில் பெண் பிள்ளைகள் ஆடும் வலைப்பந்து, கூடைப்பந்தின் வயிற்றில் பிறந்த பிள்ளை. அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர், குளிர்காலத்தில் மாணவர்கள் கூடத்துக்குள்ளேயே ஆட ஓர் ஆட்டம் வேண்டும் என்று 1891 டிசம்பரில் இரண்டு பழக்கூடைகளை மாடத்தில் ஆணியடித்துத் தொங்கவிட்டார். அதுதான் தொடக்கம். சில ஆண்டுகளில் அது இங்கிலாந்துக்குப் போய், பெண்கள் ஆடுவதற்கு ஏற்றவாறு மாறி வலைப்பந்தாயிற்று. வளையத்தின் உயரம் இரண்டிலும் 3.05 மீட்டர், அதாவது பத்தடி. ஆனால் கூடைப்பந்து வளையத்தின் அகலம் 45 சென்டிமீட்டர், வலைப்பந்தில் 38தான். சின்ன வளையத்தில் போட்டுப் பழகிய கைக்குப் பெரிய வளையம் எளிதல்லவா என்று நினைப்பீர்கள். பாப்பாவுக்கும் எறிவது எளிதாகத்தான் இருந்தது. பந்து சற்றுக் கனம். ஒரு வாரத்தில் கை பழகிவிட்டது.

மற்றதெல்லாம்தான் கஷ்டம். வலைப்பந்தில் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடக் கூடாது. பிடித்தவள் நின்று மூன்று விநாடிக்குள் விட்டுவிட வேண்டும். தடுப்பவள் மூன்றடி தள்ளித்தான் நிற்கலாம். இந்த ஒழுங்கில் ஆறு வருடம் வளர்ந்த பெண்ணை, தோளோடு தோள் உரசி முகத்துக்கு நேரே கையை நீட்டும் ஆட்டத்தில் கொண்டுபோய் விட்டால் என்ன செய்வாள்? நான் போன சனிக்கிழமை பார்த்தேன். பந்து கைக்கு வந்ததும் பாப்பா அப்படியே நின்றுவிடுகிறாள். பழைய பழக்கம். அந்த ஒரு விநாடிக்குள் யாராவது வந்து தட்டிப் பறித்துவிடுகிறார்கள். பந்தைத் தட்டும்போது குனிந்து பந்தையே பார்க்கிறாள். எதிரே வருகிறவள் தெரிவதில்லை.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். யாராவது எறிந்து வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்து எந்தப் பக்கம் விழும் என்பது அவளுக்குத் தெரிகிறது. மற்றவர்கள் பந்தைப் பார்த்து ஓடுகிறார்கள். இவள் அது விழும் இடத்தில் முன்னாலேயே போய் நிற்கிறாள். பயிற்றுநர் அம்மையார் பழைய ஆட்டக்காரர், அதிகம் பேசாதவர். "இதை மட்டும் நான் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை" என்று மலாயில் சொன்னார். அதற்கு மேல் புகழவும் இல்லை. அடுத்த ஆண்டு ஆட விடுவேன் என்று வாக்குக் கொடுக்கவும் இல்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

ஏன் இவ்வளவு தாமதமாகக் கற்றுக்கொள்கிறாள் என்று கேட்பீர்கள். காரணம் இரண்டு. ஒன்று, தோட்டத்துப் பள்ளியில் திடல் உண்டு, சிமெண்டுத் தளம் இல்லை. புல்தரையில் கூடைப்பந்தைத் தட்டிப் பாருங்கள், எழும்பாது. இரண்டாவது காரணம் நம் பெற்றோர் பலர் எண்ணிப் பார்க்காதது. நம் பிள்ளைகளில் பலர் தமிழ்ப்பள்ளி முடித்து இடைநிலைப்பள்ளிக்குப் போகும்போது புகுமுக வகுப்பில் ஓராண்டு இருந்துவிட்டுத்தான் முதலாம் படிவம் போகிறார்கள். பாப்பாவும் அப்படித்தான். பள்ளிகளுக்கு இடையிலான போட்டிகள் வகுப்பைப் பார்ப்பதில்லை, வயதைப் பார்க்கின்றன: 15 வயதுக்குட்பட்டோர், 18 வயதுக்குட்பட்டோர் என்று. மற்ற பிள்ளைகள் மூன்றாம் படிவம் வரை 15 வயதுப் பிரிவில் ஆடலாம். புகுமுக வகுப்பு வழியாக வந்தவளுக்கு இரண்டாம் படிவத்தோடு அந்தக் கதவு மூடிவிடும். அவளுடைய மூன்றாம் படிவம் 16 வயதில். அப்போது 18 வயதுப் பிரிவில் தன்னைவிட இரண்டு வயது மூத்தவர்களோடு மோத வேண்டும். பாப்பா கூடைப்பந்தைத் தொட்டதே நான்காம் படிவத்தில், 17 வயதில். அடுத்த ஆண்டு எஸ்.பி.எம். தேர்வு என்று வீட்டில் நிறுத்திவிட்டார்கள். ஆக, கல்லூரிக்குள் நுழையும்போது அவள் கையில் இருந்தது ஒரே ஒரு பருவத்து அனுபவம். அவளுக்குப் பக்கத்தில் நிற்கும் சீனப் பெண்களுக்கு ஏழெட்டுப் பருவம்.

அந்தப் பெண்களுக்கு மட்டும் எப்படிக் கிடைத்தது? கிறிஸ்தவ இளைஞர் சங்கத்தின் வழியாக இந்த ஆட்டம் 1890களிலேயே சீனாவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. பிறகு சீனப்பள்ளிகளும் சங்கங்களும் அதை இங்கே தங்களுடையதாக்கிக்கொண்டன. திடல் வாங்க முடியாத பள்ளியும் ஒரு துண்டு நிலத்துக்குச் சிமெண்டு பூசி இரண்டு கம்பம் நட்டுவிடும். மாலையில் பெற்றோர் வந்து நின்று பார்ப்பார்கள். பினாங்கில் ஹான் சியாங் உள்ளரங்கம் போன்ற இடங்கள் அவர்களுக்குப் பழகிய வீடு. 1989இல் கோலாலம்பூர் சீ விளையாட்டுப் போட்டியில் பிலிப்பீன்சை வென்று மலேசிய ஆண்கள் தங்கம் எடுத்தார்களே, 2015இலும் 2017இலும் நம் நாட்டுப் பெண்கள் தங்கம் எடுத்தார்களே, அதெல்லாம் இந்தச் சிமெண்டுத் தளங்களில் விளைந்தவை. இதில் பொறாமைப்பட ஒன்றுமில்லை. யாரும் நம்மை உள்ளே வராதே என்று தடுக்கவும் இல்லை. பாப்பாவைச் சேர்த்துக்கொண்டதும் அந்தப் பெண்கள்தாமே. அவர்கள் களத்தில் சீனத்தில் கத்திக்கொள்ளும் சொற்களில் பத்துப் பதினைந்தை அவளும் கற்றுவிட்டாள். "இடது பக்கம்", "பின்னால் ஆள்", "எறி". லயத்தில் தம்பியிடம் கத்திக் காட்டுகிறாளாம்.

நிற்க. ஓரத்தில் உட்கார்ந்திருப்பது வீண் என்பது பாப்பாவின் அம்மாவின் வாதம். அந்த வாதத்துக்கு என் பயிற்சிப் புத்தகத்தைவிட நல்ல பதில் அமெரிக்காவில் இருக்கிறது. அங்கே கல்லூரிக் கூடைப்பந்து என்றால் நம் ஊரில் மலேசியக் கிண்ணக் கால்பந்துபோல. ஒரு பருவம் முடிந்த மறுநாளே, அடுத்த பருவத்துக்கு யார் போகிறார், யார் இருக்கிறார், யார் வருகிறார் என்று பத்திரிகைகள் பட்டியல் போட ஆரம்பித்துவிடும். பொதுவாக ஒரு மாணவருக்கு நான்கு பருவம்தான். எவ்வளவு பெரிய ஆட்டக்காரியானாலும் படிப்பு முடிந்தால் போய்விட வேண்டியதுதானே.

தென் கரோலினா பல்கலைக்கழகத்தின் பெண்கள் குழுவுக்கு டான் ஸ்டேலி என்ற அம்மையார் பயிற்றுநர். ஆட்டக்காரியாக மூன்று ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர். 2022-23 பருவத்தில் அவருடைய குழு தொடர்ந்து 36 ஆட்டங்களை வென்றது. பிறகு 2023 மார்ச் 31ஆம் நாள் அரையிறுதியில் அயோவா பல்கலைக்கழகத்திடம் 77க்கு 73 என்று தோற்றது. தோற்றதோடு போகவில்லை. முதலில் களமிறங்கும் ஐவரும், ஒருவர் பாக்கியில்லாமல், கல்லூரியை விட்டுப் போய்விட்டார்கள். பத்திரிகைகளின் பருவத் தொடக்கக் கணிப்பில் அந்தக் குழுவுக்கு ஆறாவது இடம்தான் கிடைத்தது. ஐந்து பேரும் போன வீட்டுக்கு ஆறாவது இடம் கொடுத்ததே பெரிது என்றுகூடச் சொல்லலாம்.

மீதி இருந்தவர்கள் யார்? அதற்கு முந்திய பருவம் பெரும்பாலும் ஓரத்திலிருந்து எழுந்து போனவர்கள். பிரேசில் நாட்டிலிருந்து வந்த கமிலா கார்டோசோ என்ற மிக உயரமான பெண், ஐவரில் ஒருத்தியாக இல்லாமல் மாற்றாளாகவே இறங்கிக்கொண்டிருந்தவள். அவர்களோடு வேறு கல்லூரியிலிருந்து மாறி வந்த ஒருத்தி, பள்ளி முடித்து வந்த புதியவர்கள். இந்தக் குழு 2023-24இல் 38 ஆட்டம் ஆடி 38ஐயும் வென்றது. 2024 ஏப்ரல் 7ஆம் நாள் இறுதியாட்டத்தில் எதிரே நின்றது யார் தெரியுமா? அதே அயோவா. கெயிட்லின் கிளார்க் என்ற புகழ்பெற்ற பெண் அயோவாவுக்காகத் தனியாளாக 30 புள்ளி எடுத்தார். இருந்தும் தென் கரோலினா 87க்கு 75 என்று வென்றது. அந்த ஆட்டத்தில் தென் கரோலினாவின் மாற்றாட்டக்காரிகள் எடுத்த புள்ளி 37. அயோவாவின் மாற்றாட்டக்காரிகள் எடுத்தது பூஜ்யம். அப்போட்டியின் சிறந்த ஆட்டக்காரி என்ற விருது கார்டோசோவுக்குப் போயிற்று.

இதையும் பாப்பாவின் அம்மாவிடம் சொன்னேன். "அவங்க அமெரிக்காக்காரங்க டீச்சர்" என்றார். உண்மைதான். அங்கே பணம் புரள்கிறது. 2021 ஜூலையிலிருந்து கல்லூரி ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்கலாம். ஓரத்தில் உட்காரப் பிடிக்காவிட்டால் வேறு கல்லூரிக்கு மாறிப் போகலாம். முன்பு அதற்கு ஓராண்டு ஆடாமல் காத்திருக்க வேண்டும், இப்போது அதுவும் இல்லை. இதனால் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான பேர் கல்லூரி மாறுகிறார்கள். எனக்கு இந்த வழக்கம் அவ்வளவாகப் பிடிக்கவில்லை. வாழைக்கன்றைப் பிடுங்கிப் பிடுங்கி நட்டால் எப்போது குலை தள்ளும்? போகட்டும், நமக்கு அந்தக் கவலை இல்லை. நம் பெண் மாறிப் போக வேறு இடமும் இல்லை; விட்டால் லயத்துக்குத்தான் வர வேண்டும்.

அமெரிக்கா தூரம் என்றால் சென்னைக்கு வாருங்கள். அனிதா பால்துரை என்ற தமிழ்ப்பெண், 1985இல் பிறந்தவர். 19 வயதிலேயே இந்தியப் பெண்கள் கூடைப்பந்துக் குழுவுக்குத் தலைவியானவர். 2000 தொடங்கி 2017 வரை நாட்டுக்காக ஆடியிருக்கிறார். தென்னக ரயில்வேயில் அவருக்கு வேலை கிடைத்ததும் ஆட்டத்தால்தான். கல்யாணம் ஆகிக் குழந்தை பிறந்த பின்னும் மீண்டும் களத்துக்கு வந்தவர். 2021இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது அளித்தது. நம்மைப்போலவே சோறும் ரசமும் சாப்பிட்டு வளர்ந்த உடம்புதான். "தமிழ்ப் பொண்ணுங்களுக்கு அதெல்லாம் ஒத்துவராது" என்று லயத்தில் பேசுகிற பாட்டிமார்களுக்காக இதை எழுதுகிறேன். அவர்களுக்கும் யாராவது வாசித்துக் காட்டுவீர்கள் என்று நம்புகிறேன்.

இவ்வளவும் சொன்ன பிறகு பாப்பாவின் அம்மா கடைசியில் ஒன்றைச் சொன்னார். அதற்கு அமெரிக்காவிலும் சென்னையிலும் பதில் இல்லை. பயிற்சி மாலை ஏழு மணிக்கு முடிகிறது. கல்லூரியிலிருந்து படகுத்துறைக்கு வந்து, ஃபெரி பிடித்துப் பட்டர்வொர்த் வந்து, அங்கிருந்து பஸ் ஏறித் தோட்டத்து முனையில் இறங்கும்போது ஒன்பதரை, சில நாள் பத்து. முனையிலிருந்து லயம் ஒரு கிலோமீட்டர், இரண்டு பக்கமும் செம்பனை, விளக்கு கிடையாது. அப்பா மோட்டார் சைக்கிளோடு வந்து நிற்பார். விடியற்காலையில் குலை வெட்டப் போக வேண்டிய மனிதர் பத்து மணிவரை கொசுக்கடியில் நிற்கிறார். "சப்பாத்தக்கூட விடுங்க டீச்சர். இதுக்கு என்ன சொல்றீங்க?" என்றார் அம்மா.

சப்பாத்துக் கணக்கின் அடியில் இருந்தது இந்த இருட்டுதான். பெண்ணைப் பெற்றவர்கள் இதை வாய்விட்டுச் சொல்வதில்லை. காசு, படிப்பு என்று வேறு பெயர் வைத்துச் சொல்வார்கள். விளையாட்டுக்குப் பெண் பிள்ளையை அனுப்புங்கள் என்று மேடையில் பேசுகிறவர்கள் அந்த ஒரு கிலோமீட்டரை நடந்து பார்க்க வேண்டும். படிக்கும் பெண் படிப்பை விடுவதும், ஆடும் பெண் ஆட்டத்தை விடுவதும் பல வீடுகளில் இப்படித்தான் நடக்கின்றன. எங்கள் பள்ளி வலைப்பந்துக் குழுவிலிருந்து நான் அனுப்பிவைத்த நல்ல பிள்ளைகளில் எத்தனை பேர் இடைநிலைப்பள்ளியில் ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள் என்று எண்ணிப் பார்த்தால் ஒரு கை விரல் போதும். மாலைப் பயிற்சி முடிந்தால் பள்ளி பஸ் இராது. அவ்வளவுதான் காரணம்.

பாப்பாவின் விஷயத்தில் ஒரு வழி இருந்தது. ஆயர் ஈத்தாமில் அடுக்குமாடி வீட்டில் அவள் சின்னம்மா இருக்கிறார். பயிற்சி வாரம் மூன்று நாள்: செவ்வாய், வியாழன், சனி. சனிக்கிழமை பயிற்சி பகலிலேயே முடிந்துவிடும். செவ்வாயும் வியாழனும் இரவு சின்னம்மா வீட்டில் தங்கிக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. சின்னம்மாவிடம் பேச எனக்கு இரண்டு தொலைபேசி அழைப்பு ஆயிற்று. அக்காள் தங்கைக்குள் பழைய மனத்தாங்கல் ஒன்று இருந்தது, அதை இங்கே விரிப்பானேன். தங்கும் நாளில் சின்னம்மாவின் மகனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. பாப்பா சம்மதித்துவிட்டாள். எல்லா வீட்டுக்கும் ஒரு சின்னம்மா தீவில் இருக்க மாட்டார் என்பது எனக்குத் தெரியும். இல்லாதவர்களுக்குக் கல்லூரி விடுதி உண்டா, ஒரே பக்கம் போகும் பிள்ளைகள் சேர்ந்து வர முடியுமா என்று பயிற்றுநரிடம் நேரில் கேளுங்கள். பெற்றோர் கேட்டால் பயிற்சி நேரத்தை அரை மணி முன்னால் நகர்த்திய பயிற்றுநர்களும் இருக்கிறார்கள்.

சரி, அடுத்த பருவம் எப்படி இருக்கும்? நானும் பத்திரிகைக்காரர்களைப்போல ஒரு கணிப்புச் சொல்லிவிடுகிறேன். இந்த ஆண்டு காலிறுதியோடு நின்ற குழு அது. அடுத்த பருவத்தின் முதல் நான்கைந்து ஆட்டங்களில் தோல்வி அதிகம் இருக்கும் என்றே நினைக்கிறேன். தூரத்திலிருந்து எறிய இரண்டாம் ஆண்டில் ஒருத்தி தயாராக இருக்கிறாள், போகிறவளைவிடக் குறைந்தவளல்ல. கூடைக்கு அடியில் முழங்கால் வலிக்காரியும் பாப்பாவும் மாறி மாறி நிற்பார்கள். பாப்பாவுக்கு ஓர் ஆட்டத்தில் 15 நிமிடம் கிடைத்தால் அதுவே நல்ல தொடக்கம். தவறுகள் அதிகம் செய்வாள். ஐந்து தவறாகி வெளியே வரும் நாளும் இருக்கும். அப்போது பக்கத்து வீட்டார் வந்து விசாரிப்பார்கள். விசாரிக்கட்டும்.

உண்மையான கவலை வேறிடத்தில். பந்தைத் தட்டி முன்னே கொண்டுபோகும் அந்தக் குள்ளப் பெண் போய்விட்டால் அந்த வேலைக்கு ஆளே இல்லை. எட்டு விநாடிக்குள் பந்து பாதிக் களத்தைத் தாண்டியாக வேண்டும். எதிராளி இருவர் வந்து மறித்தால் தலை நிமிர்ந்து பார்த்து யாருக்குத் தருவது என்று முடிவு செய்ய வேண்டும். மீதமுள்ள ஏழு பேரில் யாருக்கும் அது முழுதாக வரவில்லை. இரண்டாம் ஆண்டுப் பெண் ஒருத்தியைப் பழக்கிப் பார்க்கிறார்கள், நெருக்கினால் பதறுகிறாள். பந்து வந்து சேராவிட்டால் கூடைக்கு அடியில் எவ்வளவு உயரமானவள் நின்று என்ன பயன்? ஆகவே பயிற்றுநர் அம்மையார் ஜூலையில் சேரப் போகும் புதிய மாணவிகளை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார். வருகிறவள் எந்தப் பள்ளியிலிருந்து வருவாள், வருவாளா என்பதெல்லாம் சேர்க்கை முடிந்த பிறகுதான் தெரியும்.

அதுவரை பாப்பாவுக்கு ஒரு வீட்டுப்பாடம் கொடுத்திருக்கிறார்கள்: நாள்தோறும் அரை மணி நேரம், பந்தைப் பார்க்காமல் தட்டிப் பழக வேண்டும். தோட்டத்தில் சிமெண்டுத் தரை எங்கே என்று தேடினோம். கோயில் மண்டபத்தில் தட்டக் கூடாது என்று தலைவர் சொல்லிவிட்டார். கடைசியில் எங்கள் பள்ளிச் சிற்றுண்டிச்சாலைக்குப் பின்னால் பாத்திரம் கழுவும் இடத்தில் பத்தடிக்குப் பத்தடி தளம் கிடைத்தது. தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கியாயிற்று. பாப்பா தலையை நிமிர்த்தித் தட்டுகிறாளா என்று பார்க்க ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் நான்கு பேர் எதிரே நின்று விரல்களைக் காட்டுகிறார்கள். எத்தனை விரல் என்று அவள் தட்டிக்கொண்டே சொல்ல வேண்டும். நேற்று இருபதில் பதின்மூன்று சரியாகச் சொன்னாள்.